நல்லதண்ணியில் தலைமுழுக்கு: சிக்கனம் என்னும் அறம் பற்றிய ஒரு சிந்தனை

1. வினா

அறவியலாளர் எடுத்துப் பேசும் நற்குணங்களுட் சிக்கனம் சற்று விசித்திரமான ஓர் இடத்தை வகிக்கின்றது. வாய்மை, கொடை, அஞ்சாமை ஆகியன எவரிடத்துக் காணப்படினும் போற்றப்படுகின்றன. சிக்கனமோ, அதனை மேற்கொள்வோர் யார் என்பதைப் பொறுத்தே பொருள் பெறுகின்றது. செல்வர் ஒரு பொழுது உண்டால் அது நோன்பு. வறியவர் ஒரு பொழுது உண்டால் அது பட்டினி. வயிற்றில் நிகழ்வது இரண்டிடத்தும் ஒன்றேயாயினும், ஒன்றினை அறம் என்றும் மற்றதனை அவலம் என்றும் பிரித்துணர நாம் தவறுவதில்லை. உணவு பற்றி இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், நீரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அத்தெளிவினை இழந்துவிடுகின்றோம். "நீரைச் சிக்கனமாகப் பாவியுங்கள்" என்னும் அறிவுரை, திருகினாற் பொங்கும் குழாயினை உடையவருக்கும், ஒரு வாளி நீருக்காக வரிசையில் நிற்பவருக்கும் ஒரே குரலிற் கூறப்படுகின்றது.

இக்கட்டுரை அவ்வறிவுரையை ஒரு சிறு செயலில் வைத்துச் சோதிக்க முயல்கின்றது. அச்செயல் தலைமுழுக்கு. நாளாந்த வாழ்விற் கூந்தலைக் கழுவுதற்கு எவ்வளவு நீர் வேண்டும், அதனைக் குறைக்கும் கருவிகளும் முறைகளும் யாவை, குறைத்தலாற் கிடைக்கும் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பன நோக்கப்படும். மெய்யியலுக்கு ஏற்ற பொருள் இதுவன்று எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், பெரிய அறங்கள் மேடைகளிற் பேசப்படுகின்றன. சிறிய செயல்களிலேயே அவை வாழ்கின்றன அல்லது தவறிப்போகின்றன.

தமிழ் வழக்கு இங்குக் கருதத்தக்கது. ஊதாரித்தனத்தைக் குறிக்க, "பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தான்" என்கின்றோம். நீர் எண்ணிப் பார்க்க வேண்டாத பொருள் என்னும் ஒரு பழைய நம்பிக்கை இவ்வழக்கில் உறைந்துள்ளது. உறவொன்றினை அறுத்தெறிதலைத் "தலைமுழுகிவிட்டான்" என்கின்றோம். இழவுக்குப் பின்னரும், நோய் தீர்ந்த பின்னரும், மாத விலக்கின் பின்னரும் தலைமுழுகி மீளும் ஒரு சமுதாயத்தில், அம்முழுக்கு அழுக்கினைப் போக்கும் செயல் மட்டுமன்று. ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்குக் கடக்கும் வாயிலுமாகும். ஆகவே தலைமுழுக்கிற் குறைவு செய்யுமாறு ஒருவரைக் கேட்பது, நீரின் அளவைப் பற்றி மட்டும் கேட்பதாகாது.

2. பெயரும் இடமும்

மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது நல்லதண்ணி. தேயிலைத் துரைமாரின் காலம் அதற்கு டல்ஹவுசி என்று பெயரிட்டது. தமிழர் நாவில் அது நல்லதண்ணி. நீரின் நற்பண்பினையே தன் பெயராகத் தாங்கிய ஊர் இது. 2,243 மீற்றர் உயரமுடைய மலையின் சரிவுகளில் மழை நிறையப் பெய்கின்றது. பாறை இடுக்குகளினின்று ஊற்றுக்கள் பிறக்கின்றன. நீர்ப் பற்றாக்குறை பற்றிப் பேசுவதற்கு இதனிலும் பொருந்தாத இடம் இலங்கையில் இல்லையெனத் தோன்றும்.

அவ்வூற்றுக்கள் செல்லும் வழியைப் பின்தொடர்வோமாயின் காட்சி மாறுகின்றது. அடிவாரத்து ஓடைகள் மஸ்கெலியா ஓயாவின் வழியிற் கட்டப்பட்ட மவுசாகலை நீர்த்தேக்கத்தைச் சேர்கின்றன. 1969ஆம் ஆண்டளவில் அத்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் ஆழ்ந்தது. நாட்டின் விளக்குகள் எரிவதற்காக ஒரு நகரமே முழுக்காட்டப்பட்டது எனலாம். வரட்சிக் காலங்களில் நீர்மட்டம் தாழும்பொழுது அந்நகரின் வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் வெளித்தோன்றி நிற்கின்றன. தேக்கத்தினின்று வெளியேறும் நீர் மின்னிலையங்களின் சுழலிகளைச் சுழற்றிவிட்டு, கெஹெல்கமு ஓயாவுடன் கலந்து களனி கங்கையாகின்றது. மேற்குக் கரையை அணுகுமிடத்தில், அம்பத்தலேயிற் சுத்திகரிக்கப்பட்டு, கொழும்பு மாநகரின் குழாய்களுட் புகுகின்றது. தலைநகரில் ஒருவர் ஷவரைத் திறந்து கூந்தலை நனைக்கும்பொழுது, அந்நீரில் ஒரு பங்கு நல்லதண்ணியின் பாறைகளைத் தழுவி வந்ததாக இருத்தல் கூடும். அந்நீரைச் சூடாக்கும் மின்சாரத்திலும் இம்மலைக்குப் பங்குண்டு.

இனி, புறப்பட்ட இடத்துக்கு மீள்வோம். மலையகத்துத் தோட்டங்கள் பலவற்றில் நீர் என்பது லயத்துக்கு வெளியே, பல குடும்பங்களுக்குப் பொதுவாக அமைந்த ஒரு பீலி அல்லது குழாய் ஆகும். மலையின் மேலுள்ள ஊற்றினின்று குழாய்வழி இறங்கும் நீர், தை முதற் பங்குனி வரையுள்ள மழை குறைந்த மாதங்களில் மெலிந்து நூலாகின்றது. அந்நீரைச் சுமந்து வருதல் பெரும்பாலும் பெண்களினதும் சிறுமியரினதும் கடமையாகவே இருந்து வருகின்றது. கொழுந்து பறிக்கும் பெண், கூடையின் கயிற்றினைத் தலையிலே தாங்குகின்றாள்; மழைநீர், வியர்வை, பனி, மலைச்சரிவின் மண் ஆகிய யாவும் அக்கூந்தலிற் படிகின்றன. தலை அவளுக்கு அழகுறுப்பு மட்டுமன்று. சுமை தாங்கும் உறுப்பும் அதுவே. அதனைக் கழுவுதலை ஆடம்பரம் எனக் கூற எவருக்கும் உரிமையில்லை.

இன்னுமொரு சிறப்பு நோக்கத்தக்கது. சிவனொளிபாத யாத்திரைப் பருவம் மார்கழிப் பூரணையன்று தொடங்கி வைகாசிப் பூரணையுடன் முடிவடைகின்றது. நாட்டின் நாற்றிசையினின்றும் மக்கள் நல்லதண்ணிக்கு வந்து குவியும் காலமும், ஊற்றுக்கள் மெலியும் காலமும் பெரிதும் ஒன்றாகின்றன. மலையேறுமுன் நீராடித் தூய்மை பெறுதல் யாத்திரை மரபு. வருவோர் நீராடுகின்றனர், இருப்போர் காத்திருக்கின்றனர். புனிதமும் பற்றாக்குறையும் ஒரே ஓடையின் கரையிற் சந்திக்கின்றன.

3. நீரைக் குறைக்கும் கருவியும் முறையும்

தலைமுழுக்கில் நீரைக் குறைப்பதற்கு மனிதர் கண்ட வழிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள். ஐக்கிய அமெரிக்காவில் 1992இல் இயற்றப்பட்டு 1994 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஷவர் ஒன்றினின்று ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 9.5 லீற்றருக்கு மேல் நீர் பாயலாகாது என விதித்தது. பின்னர் நீரோடு காற்றினைக் கலந்து, குறைந்த நீரால் நிறைந்த உணர்வைத் தரும் வாய்கள் வந்தன. கையால் அழுத்தும்வரை மட்டும் நீரை விடும் குழாய்களும், முடிதிருத்தகங்களிற் பாவிக்கப்படும் நுண்தூறல் வாய்களும் இவ்வகையினவே. ஆயினும், சட்டம் வகுத்த எல்லைக்குள் நின்று பத்து நிமிடம் முழுகுபவர் 95 லீற்றர் வரை செலவிடலாம் என்பது மறக்கத்தக்கதன்று.

இரண்டாவது, நீரையே தவிர்க்க முயலும் பண்டங்கள். எண்ணெய்ப்பசையை உறிஞ்சும் மாப்பொருட் பொடிகளும், படுக்கையிற் கிடக்கும் நோயாளருக்கென அமைந்த, அலச வேண்டாத கழுவுநீர்மங்களும் இவற்றுள் அடங்கும். விண்வெளி நிலையத்தில் வாழ்வோர் பாவிப்பதும் இத்தகைய நீர்மமே. அமெரிக்க விண்வெளி வீராங்கனை கரன் நைபேர்க், 2013இல் தமது நீண்ட கூந்தலை ஒரு சிறு பையளவு நீர், அலச வேண்டாத ஷாம்பு, ஒரு துவாய், ஒரு சீப்பு ஆகியவற்றைக் கொண்டே கழுவிக் காட்டினார். கூந்தலினின்று ஆவியாகும் ஈரமும் அங்கு வீணாவதில்லை. நிலையத்தின் காற்றினின்று அது மீளப் பிடிக்கப்பட்டு, குடிநீராகத் திரும்புகின்றது. இவ்வெடுத்துக்காட்டுக்கு மீண்டும் வருவோம்.

மூன்றாவது வகையே மிகப் பழையது: முறை. எண்ணெயும் சிக்கும் படிந்த கூந்தலை முதலிற் சீப்பினால் வாரிவிடுதல், அரப்பையோ சீயாக்காயையோ ஷாம்புவையோ ஒரு செம்பு நீரிற் கரைத்துத் தலைத்தோலில் மட்டும் தேய்த்தல், தேய்க்கும் நேரத்தில் நீரை நிறுத்திவைத்தல், சிறிது சிறிதாக ஊற்றிப் பிழிந்து அலசுதல் என்பன அதன் கூறுகள்.

இம்முறையின் வலிமை ஓர் எளிய கணக்கிற் புலப்படும். பிழிந்தெடுத்த கூந்தலில் 200 மில்லிலீற்றர் சவர்க்கார நீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று லீற்றர் நீரை ஒரே தடவையில் ஊற்றிக் கலக்கிப் பிழிந்தால், எஞ்சும் சவர்க்காரம் பதினாறில் ஒரு பங்கு. அதே மூன்று லீற்றரை ஒவ்வொரு லீற்றராக மூன்று தடவை ஊற்றி, ஒவ்வொரு தடவையும் பிழிந்தால், முதல் அலசலில் ஆறில் ஒன்றும், இரண்டாவதில் முப்பத்தாறில் ஒன்றும், மூன்றாவதில் இருநூற்றுப் பதினாறில் ஒன்றும் எஞ்சும். நீரின் அளவு மாறவில்லை. தூய்மை பதின்மூன்று மடங்கு கூடிற்று. இரசாயன ஆய்வுகூடத்திற் பாத்திரம் கழுவும் மாணவர் நன்கறிந்த விதி இது. ஒரு வாளி நீருடன் பீலிக்கரையில் அமரும் பெண், இவ்விதியின் பெயரை அறியாமலே அதனைக் கைக்கொள்கின்றாள்.

ஷாம்பு என்னும் சொல்லின் வரலாறும் இவ்வுண்மைக்குச் சான்றாகின்றது. அழுத்திப் பிசைதலைக் குறிக்கும் இந்திச் சொல்லினின்று அது பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிறைற்றன் நகரிற் குளியலகம் நடத்திய ஷேக் தீன் முகம்மது, "ஷாம்பு செய்தல்" என அந்நாட்டாருக்கு அறிமுகப்படுத்தியது உடலைப் பிடித்துவிடும் கலையையே. அழுக்கை அகற்றுவது கையின் உழைப்பு; நீர் அதனை ஏந்திச் செல்லும் ஊர்தி மாத்திரமே. கையின் உழைப்புக் குறையுமிடத்தில் நீரின் செலவு கூடுகின்றது.

மலையகத்தில் இக்கணக்கிற்கு மற்றொரு பக்கமும் உண்டு. குளிர்ந்த மலைநீரைத் தலைக்கு ஊற்றச் சூடாக்க வேண்டும். 16 பாகை செல்சியசில் உள்ள 15 லீற்றர் நீரை 40 பாகைக்கு உயர்த்துதற்கு ஏறத்தாழ 0.42 கிலோவாற்று மணி வெப்பம் தேவை. நான்கு லீற்றருக்கு 0.11 போதும். திறந்த அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாவதால் எரிக்க வேண்டிய விறகு இதனிலும் பன்மடங்காகும். ஆகவே நீரைக் குறைப்பவள் விறகையும், விறகு தேடி நடக்கும் நேரத்தையும், புகையினால் எரியும் கண்ணையும் குறைக்கின்றாள். அவள் சிக்கனமாக இருப்பது உலகைக் காக்கும் கொள்கையினாலன்று. தன் உடலைக் காக்கும் தேவையினாலேயாகும்.

இடத்துக்கு இடம் நீரின் குணமும் வேறுபடுகின்றது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கற் கிணற்று நீரிற் சவர்க்காரம் நுரைப்பதரிது. கூடுதலான சவர்க்காரமும், அது தயிராகத் திரண்டு கூந்தலில் ஒட்டுவதால் அதனை நீக்குதற்கு நெடிய உழைப்பும் வேண்டும். மலையகத்து மென்னீரிலோ சிறிதளவே பெரும் நுரையைத் தருகின்றது. மென்னீர் கிடைத்தவர் தேய்க்கும் பொருளைக் குறைத்தாலே அலசும் நீரும் குறைந்துவிடும். எங்கோ வகுக்கப்பட்ட ஒரே அளவு எல்லா ஊர்க்கும் பொருந்தாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

4. சேமித்த நீர் எங்கே செல்கின்றது?

மேற்கூறியவற்றினின்று ஓர் உண்மை தெளிவாகின்றது. சேமிப்பு என்று நாம் வழங்குவது பெரும்பாலும் ஓர் இடமாற்றமே. குறைந்த நீருக்குப் பதிலாகக் கூடிய உழைப்போ, கூடிய நேரமோ, விலை கொடுத்து வாங்கும் கருவியோ, ஒரு பண்டமோ அவ்விடத்தை நிரப்புகின்றது. பொருள் உள்ளவர் அவ்விடத்தைக் கருவியால் நிரப்புகின்றார். இல்லாதவர் தம் கையாலும் முதுகாலும் நிரப்புகின்றார். ஆகவே நீர்ச் சிக்கனத்தை மதிப்பிடுமிடத்து இரு வினாக்களை எழுப்புதல் இன்றியமையாதது. ஒன்று, அதன் விலையைச் செலுத்துபவர் யார்? மற்றது, சேமித்த நீர் யாரைச் சென்றடைகின்றது?

விண்வெளி நிலையத்தில் இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. அங்கு நீரைக் குறைப்பவரும், குறைத்ததன் பயனைப் பெறுபவரும் ஒரே சிறு கூட்டத்தினர். அங்கு பாவிக்கப்படும் நீரில் 98 சதவீதத்தை மீளப் பெறும் நிலை எய்தப்பட்டதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. ஒருவர் கூந்தலில் உலர்ந்த துளி மற்றவர் கோப்பையில் நீராகின்றது. சிக்கனம் அறமாவதற்கு இதனிலும் தூய சூழலைக் கற்பனை செய்தல் அரிது. யாரும் விதிவிலக்கல்லர், எதுவும் வெளியேறுவதில்லை, எல்லோருக்கும் கணக்கு ஒன்று.

பூமியில் நிலைமை அவ்வாறன்று. தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்ற எல்லை விதிக்கப்பட்டது. குழாய்கள் வரண்டுபோகும் நாளைத் தள்ளிப்போட, செல்வர் வாழும் பகுதியினரும் வாளிக்குள் நின்று குளிக்கப் பழகினர். அதே நகரின் குடிசைப் பகுதிகளிற் பொதுக்குழாயை நம்பி வாழ்ந்தோருக்கு, வாளியால் அளந்து குளித்தல் புதிய பாடமாக இருக்கவில்லை. செய்தியாயிற்று முன்னவரின் புதிய வாழ்வு. பின்னவரின் பழைய வாழ்வு அன்றுவரை செய்தியாகவில்லை. 2019இற் சென்னை மாநகரின் ஏரிகள் வரண்டு, ஜோலார்பேட்டையினின்று புகைவண்டியில் நீர் கொண்டுவரப்பட்ட நாட்களிலும், ஆழ்குழாய்க் கிணற்றையும் தனியார் நீர் வண்டியையும் நாட வசதியுள்ளோரும், தெருவிற் குடங்களை வரிசையில் வைத்தோரும் ஒரே பற்றாக்குறையை வெவ்வேறாகவே அனுபவித்தனர். பஞ்சம் பொதுவாக வருவதுபோலத் தோன்றினும், அது பங்கிடப்படுவது பொதுவாகவன்று.

இவ்விடத்தில் அரிஸ்டாட்டில் கூறிய ஒரு வேறுபாடு பயன்படுகின்றது. நற்குணம் என்பது தேர்ந்துகொள்ளுதலைச் சார்ந்தது என்பது அவர் கருத்து. வேறு வழி திறந்திருந்தும் நல்வழியைத் தேர்பவரிடமே நற்குணம் உண்டெனலாம். இக்கருத்தை ஏற்பின், பீலிக்கரைப் பெண்ணின் நான்கு லீற்றர் முழுக்கினை நீர்ச் சிக்கனம் எனப் பாராட்டுதல் பொருந்தாது. அது திறமை, பொறுமை, நுண்ணறிவு. ஆனால் அவளுக்கு இல்லாத தெரிவினை அவளுடைய அறமாகப் போற்றுவது, இல்லாமைக்கு மாலை சூட்டுவதாகும். வறியவரின் எளிமையைப் புகழ்வோர் பலர், அவ்வெளிமை நீங்குவதை விரும்பாதோராக இருத்தலும் உலகியல்பு. இருநூறு ஆண்டுக்கால மலையக வரலாற்றில் "குறைவாற் பழகியவர்கள்" என்னும் சொல், நற்சான்றாகவன்றி, மேலும் குறைப்பதற்கான நியாயமாகவே பல வேளை பயன்பட்டது.

5. சில மறுப்புக்கள்

இவ்வாதத்துக்கு எதிராக எழக்கூடிய மறுப்புக்கள் மூன்றினை இங்குக் கருதலாம்.

முதலாவது: உலகில் மனிதர் எடுத்துப் பாவிக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 சதவீதம் வேளாண்மைக்கே செல்கின்றது; அவ்வாறாயின் கூந்தல் கழுவும் நீரைக் கணக்கிடுதல் அற்பமன்றோ? உலகக் கணக்கில் அது அற்பமே. ஆனால் எவரும் உலகக் கணக்கினின்று நீர் அள்ளுவதில்லை. ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட ஊற்றினின்று, ஒரு குறிப்பிட்ட குழாயினின்றே அள்ளுகின்றனர். இருபது குடும்பங்களுக்குப் பொதுவான பீலியில், ஒரு வீட்டார் கூடுதலாக எடுக்கும் ஒரு வாளி மற்றொரு வீட்டாரின் வாளியாகும். மேலும், யாத்திரைப் பருவத்தில் விடுதியொன்றின் ஷவர் பத்து நிமிடம் ஓடுமாயின், அது ஒரு லயக் குடும்பத்தின் ஒரு பொழுதுக்குரிய நீராக இருத்தல் கூடும். அளவு சிறிதெனினும், எதிரே நிற்பவர் அருகில் இருக்கும்போது கடமை பெரிதாகின்றது.

இரண்டாவது: வறியவருக்குச் சிக்கனம் கடமையன்று எனக் கூறின், அவர்களை அறத்தின் எல்லைக்கு வெளியே தள்ளுவதாகாதோ? வலிமையான மறுப்பு இது. அறத்தினின்று விலக்குதலும் ஒருவகை இழிவுபடுத்தலே. ஆயின் இங்குக் கூறப்படுவது விலக்கன்று; கடமையின் தன்மை வேறுபடுகின்றது என்பதே. பீலிக்கரையில் ஒருவருக்கொருவர் ஆற்றவேண்டிய கடமைகள் மிகத் தெளிவாக உள்ளன: முறையைக் காத்தல், குழந்தைக்கும் நோயாளிக்கும் விட்டுக்கொடுத்தல், உடைந்த குழாயைக் கட்டுதல், ஊற்றுக்கு மேலே அழுக்குச் சேராது பார்த்தல், சவர்க்கார நீர் கீழ் லயத்தார் மொள்ளும் ஓடையிற் கலக்காது வழிப்படுத்தல். இவை சமமானோர் தம்முட் கொள்ளும் கடமைகள். நிறைந்த குழாயை உடையவர், தம் கைக்கு எட்டாதவர்பால் ஆற்றவேண்டிய கடமை வேறு. முன்னதைப் பின்னதற்கு ஈடாகக் காட்டுதல் முறையன்று.

மூன்றாவது: கருவிகள் இவ்வினாவையே தீர்த்துவிடாவோ? நல்ல ஷவரும், அலச வேண்டாத பண்டமும் மலிவாகக் கிடைப்பின் எல்லோரும் பயன் பெறலாமே? கருவியை இகழ்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. நீர் வாயில் ஒரு சிறு தடுப்பான் செய்யும் நன்மையை நூறு சொற்பொழிவுகள் செய்யா. ஆயினும் இரு எச்சரிக்கைகள் வேண்டும். திறமையான இயந்திரங்கள் நிலக்கரிச் செலவைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டியமையை ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே சுட்டிக்காட்டினார். நிமிடத்துக்குக் குறைந்த நீர் பாயுமாயின், மனம் நிமிடங்களைக் கூட்டிக்கொள்கின்றது. அடுத்தது, ஒரு சிக்கனம் மற்றொரு விரயத்தைப் பெற்றெடுத்தல் கூடும். ஒரு தலைக்கு ஒரு பொதி என ஷாம்புவைச் சிறு பைகளில் அடைத்து விற்கும் வழக்கம் தமிழ்நாட்டிற் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணனின் முயற்சியால் வேரூன்றிப் பரவியது. புட்டியொன்றை வாங்க இயலாதவருக்கு அது ஒரு வாயிலைத் திறந்தது. அளவாகப் பாவிக்கவும் உதவிற்று. ஆனால் வெறும் பைகள் ஓடைகளையும் யாத்திரைப் பாதைகளையும் நிறைத்தன. இலங்கையில் 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத இத்தகைய பிளாஸ்ரிக் பைகள், உணவுக்கும் மருந்துக்கும் உரியன நீங்கலாக, 2021 மார்ச் 31 முதல் தடைசெய்யப்பட்டன. தடை நியாயமானதே. எனினும் சிறு பையை வாங்கியவள் பெரும் புட்டியை வாங்க வழி உண்டாயிற்றா என்னும் வினாவினைத் தடை தானாகத் தீர்ப்பதில்லை. இங்கும் நாம் முன்னர் எழுப்பிய வினாவே மீள எழுகின்றது: விலையைச் செலுத்துபவர் யார்?

6. முடிவுரை

வள்ளுவர் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான் சிறப்பினை வைத்தார். உலகுக்குப் பயன்படுவோனின் செல்வத்தை எடுத்துக்காட்ட முற்பட்ட இடத்தில், ஊரார் உண்ணும் நீர்நிலை நிறைதலையே அவர் உவமையாக்கினார். அது இடம்பெறும் அதிகாரத்தின் பெயர் ஒப்புரவறிதல். நீரைப் பற்றிய தமிழ் அறச் சிந்தனையின் மையம் குறைத்தலன்று, ஒப்புரவு என்பது இதனாற் புலனாகும். குறைத்தல் ஒரு கருவி, ஒப்புரவே நோக்கம். பிறரைச் சென்றடையாத சிக்கனம் கணக்கேட்டிற் சேரும் ஓர் எண் மட்டுமே.

இதனை அடிப்படையாகக் கொண்டு நோக்கின், தலைமுழுக்கில் நீரைக் குறைக்கும் கடமை கையிலுள்ள குழாயின் பருமனுக்கு ஏற்பக் கூடுகின்றது எனக் கொள்ளலாம். கொழும்பிலும் கண்டியிலும் நீர் தடையின்றிப் பாயும் விடுதிகளில் வாழும் நாம், ஓட்டத்தைக் குறைக்கும் வாயினைப் பொருத்துதல் வேண்டும். தேய்க்கும் நேரத்திற் குழாயை மூடுதல் வேண்டும். ஊற்றிப் பிழிந்து அலசும் முறையைக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். அம்முறையில் நமக்கு ஆசிரியராக இருக்கும் தகுதி பீலிக்கரைப் பெண்ணுக்கு உண்டு என்பதையும் உணர்தல் வேண்டும். யாத்திரிகர் மலையடி ஓடையில் நீராடுகையில், அது புனித நீராவதற்கு முன்னர் ஒருவர் வீட்டுச் சமையல் நீர் என்பதை எண்ணுதல் தகும்.

ஆயினும் இவ்வளவோடு நம் கடன் தீர்ந்துவிடுவதில்லை. நாம் மூடிய குழாயின் நீர் தானாக மலையேறி லயத்தைச் சென்றடையாது. நீர் கீழ்நோக்கிப் பாய்வது. அதனை மேல்நோக்கிச் செலுத்துவது மனிதரின் தீர்மானமே. 2010ஆம் ஆண்டு ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தூய நீரினைப் பெறுதல் மனித உரிமை என ஏற்றது. மஸ்கெலியா ஓயாவின் நீர்வளத்தை அளந்து, மறித்து, சுரங்கவழி திருப்பி, மின்சாரமாக்கும் ஆற்றல் படைத்த ஒரு நாட்டிற்கு, அதே மலையின் லயங்களுக்கு வீட்டுக்கொரு குழாய் அமைத்தல் இயலாத செயலன்று. சேமிப்பாற் குறையும் செலவும், குறையும் மின்சாரமும், குறையும் கட்டணமும் அத்தீர்மானத்துக்குப் பயன்படும்போதே நகரத்தாரின் சிக்கனம் முழுமையான அறமாகும். அதுவரை அது நல்ல பழக்கம் எனப்படலாம்; அதற்கு மேற்பட்ட பெயரினை அது இன்னும் சம்பாதித்துக்கொள்ளவில்லை.

சிக்கனத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லோருக்கும் கிட்டும் நாளிலேயே சிக்கனம் பற்றிய அறிவுரையும் எல்லோருக்கும் பொதுவாகும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பெண், தன் வீட்டுக் குழாயைத் திறந்து, வேண்டிய அளவு நீர் வரும் என்று அறிந்த பின்னர், "போதும்" எனத் தானே அதனை மூடுவாளாயின், அன்று அவள் செயலைச் சிக்கனம் என்னும் சொல்லால் நாம் கூசாது அழைக்கலாம்.